விற்ற பிறகும் விடாத கயிறு: பெல்ஜியத்தின் லெப்பர்ட் 1 தாங்கிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

2014 இல் பெல்ஜிய இராணுவம் தன்னிடம் மிஞ்சியிருந்த, ஜேர்மன் தயாரிப்பான லெப்பர்ட் 1 போர்த் தாங்கிகளைச் சேவையிலிருந்து விலக்கியது. அவற்றில் 50 வண்டிகளை ஓஐபி என்ற பெல்ஜிய நிறுவனம் வாங்கி, டூர்னே நகரத்துக் களஞ்சியம் ஒன்றில் நிறுத்தி வைத்தது. ஒன்பது வருடம் யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2023 ஜனவரியில் உக்ரேனுக்குத் தாங்கி கொடுப்பது பற்றி ஐரோப்பா முழுக்கப் பேச்சு எழுந்தபோது பெல்ஜிய அரசின் கையில் ஒரு தாங்கிகூட இல்லை. தான் விற்றதையே திரும்ப வாங்க விலை கேட்க வேண்டிய நிலை.

அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் லுடிவின் டெடோண்டரின் தரப்பு சொன்ன கணக்கு இது: ஓடாத நிலையில் வண்டி ஒன்று 10,000 முதல் 15,000 யூரோவுக்குக் கொடுக்கப்பட்டது, இப்போது அதற்கு 5 இலட்சம் யூரோ கேட்கிறார்கள். ஓஐபியின் தலைவர் ஃபிரெடி வெர்ஸ்லைஸ் அதை ஒப்பவில்லை. திருத்தி ஓடவைக்க வண்டி ஒன்றுக்குப் பல இலட்சம் யூரோ, சிலவற்றுக்குப் பத்து இலட்சம் வரை பிடிக்கும் என்றார்.

பத்திரிகைகள் இதை ஆயுத வியாபாரியின் பேராசையாக எழுதின. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்றுதான் படுகிறது. லெப்பர்ட் 1 இன் பிந்திய வகை ஒன்றின் எடை சுமார் 42 தொன். பழைய இரும்பைத் தொன்னுக்கு 250 யூரோ என்று வைத்தால் 10,500 யூரோ வருகிறது. பெல்ஜியம் விற்றது தாங்கியை அல்ல, இரும்பின் எடையை. வாங்கியவர் கேட்டது, அந்த இரும்பை மறுபடி தாங்கியாக்கும் செலவையும் ஒன்பது வருடத் தரிப்பிடத்தையும் சேர்த்து. பழைய தாங்கி ஒன்று அடுத்தவர் கையில் எவ்வளவு காலம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் மூன்று பேர்: உதிரிப்பாகம் தருபவர், குண்டு தருபவர், கைமாற்ற அனுமதி தருபவர். வாங்கியவர் அந்த மூவரில் ஒருவராக இருப்பது அபூர்வம்.

ஒரே பெயர், வெவ்வேறு வண்டி

லெப்பர்ட் 1 இன் உற்பத்தி 1965 இல் மியூனிக்கில் கிராவுஸ் மஃபாய் ஆலையில் தொடங்கியது. மொத்தம் 4,744 போர்த் தாங்கிகள் செய்யப்பட்டன. முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர் பெல்ஜியம். 1968 பெப்ரவரிக்கும் 1971 மார்ச்சுக்கும் இடையில் 334 வண்டிகள் அங்கே போயின. பிறகு நெதர்லாந்து, நோர்வே, இத்தாலி, டென்மார்க், அவுஸ்திரேலியா, கனடா என்று பட்டியல் நீண்டது. பனிப்போர் முடிந்ததும் அதே வண்டிகள் இரண்டாவது பயணத்தைத் தொடங்கின. பெல்ஜியத்தினுடையவற்றில் 128 பிரேசிலுக்கும், நெதர்லாந்தினுடையவை சிலிக்கும், சிலியிலிருந்து ஒரு தொகுதி எக்குவடோருக்கும் போயின.

எல்லாவற்றுக்கும் எஞ்சின் ஒன்றுதான்: 10 சிலிண்டர், 37.4 லீற்றர் எம்டியூ டீசல், 830 குதிரைவலு. பீரங்கியும் ஒன்றுதான்: பிரிட்டிஷ் எல்7 வழிவந்த 105 மில்லிமீற்றர். சிக்கல் மேலே சுழலும் கூட்டுக்குள் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் ஜேர்மனி 1ஏ5 என்ற மேம்பாட்டில் ஈமெஸ் 18 என்ற சூட்டுக் கட்டுப்பாட்டு முறையையும் வெப்பக் காட்சிக் கருவியையும் பொருத்தியது. பெல்ஜியமோ அதற்கு முன்பே தன் நாட்டு சாப்கா நிறுவனத்தின் முறையைப் போட்டிருந்தது. டென்மார்க்கிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வந்த இரண்டு வண்டிகளை ஒரே கராஜில் நிறுத்தினால் ஒன்றின் சில்லு மற்றதற்குப் பொருந்தும், சங்கிலி பொருந்தும், எஞ்சின் பொருந்தும். குறிபார்க்கும் பெட்டி பொருந்தாது. 'லெப்பர்ட் 1, நூறு வண்டி' என்று செய்தியில் வரும்போது அது ஒரு வகை நூறா, நாலு வகை இருபத்தைந்தா என்பதைத்தான் பராமரிப்புக்காரர் முதலில் கேட்பார்.

ஒன்பது வருடம் நிறுத்தினால் என்ன ஆகும்

ஓடித் தேய்ந்த தாங்கியைவிட நின்று கெட்ட தாங்கியைத் திருத்துவது சில இடங்களில் கடினம். தேய்மானத்துக்குப் பதிவேடு இருக்கும். நின்றதால் வந்த கேட்டை ஒவ்வொரு மூட்டாகக் கழற்றித்தான் காண வேண்டும்.

முதலில் எரிபொருள். வண்டியின் இரண்டு எரிபொருள் தொட்டிகளிலுமாக 955 லீற்றர் கொள்ளும். அடியில் நீர் சேர்ந்து, டீசலுக்கும் நீருக்கும் இடையில் கிருமி வளர்ந்து, கரும் பசை படியும். அதை வடிக்காமல் எஞ்சினைச் சுழற்றினால் வடிகட்டி அடைக்கும். அதையும் தாண்டிப் போனது எரிபொருள் பம்பைக் கெடுக்கும். ஆகவே முறை இப்படி: எரிபொருள் தொட்டியை வடித்துக் கழுவுவது, இறப்பர் குழாய்கள் அனைத்தையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுவது, ஒயிலை மாற்றி எஞ்சினை எரிபொருள் கொடுக்காமல் சுழற்றி ஒயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பது, அதற்குப் பிறகே உயிர் கொடுப்பது.

எஞ்சினை வெளியே எடுப்பது லெப்பர்ட் 1 இல் வியக்கத்தக்க எளிமை. பின்பக்க மேல்மூடியைக் கழற்றி, எரிபொருள், மின், கட்டுப்பாட்டு இணைப்புகளை விடுவித்து, சங்கிலியை ஓட்டும் இருபக்க இறுதி இயக்கிகளோடு உள்ள பிணைப்பையும் பிரித்துவிட்டால் எஞ்சின், கியர்பொக்ஸ், குளிரூட்டி எல்லாம் ஒரே கட்டாக மேலே வரும். பழகிய குழு களத்தில் ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடிக்கும். அதே அடித்தளத்தில் செய்த பெர்க்பான்சர் 2 என்ற மீட்பு வண்டி தன் முதுகில் ஒரு மாற்றுக் கட்டையே சுமந்து வரும், தன் கிரேனால் தூக்கி வைக்கும். விற்பனைப் பேச்சில் மறந்துபோகும் சங்கதி இதுதான். தாங்கியை வாங்கி மீட்பு வண்டியை வாங்காதவர், 20 நிமிட வேலைக்குப் பாரந்தூக்கி தேடி அலைவார்.

அடுத்தது கீழ்ப்பகுதி. ஒவ்வொரு பக்கமும் ஏழு இரட்டைச் சில்லு, ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங்போல் முறுகிப் பாரம் தாங்கும் ஒரு முறுக்குக் கம்பி. 1, 2, 3, 6, 7 ஆம் சில்லுகளுக்கு அதிர்வு தாங்கும் சொக் அப்சோபர் உண்டு. வருடக்கணக்கில் ஒரே நிலையில் 42 தொன்னைச் சுமந்து நின்றால் கம்பி தளரும். கண்டுபிடிக்க நுட்பமான கருவி தேவையில்லை: சமதரையில் நிறுத்தி, உடலின் நாலு மூலையிலும் தரையிலிருந்து உயரம் அளந்தால் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று தெரியும். சில்லின் இறப்பரில் விரல் நகம் போகும் வெடிப்புகள் தெரிந்தால், உள்ளே உலோகத்திலிருந்து அது பிரியத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. வேகமாக ஓடும்போது வளையம் வளையமாகக் கழன்று போகும்.

பிறகு அந்தக் காலத்துப் பொருட்களின் சட்டச் சிக்கல். 1960களின் எஞ்சின் அடைப்புகளிலும் வெப்பக் காப்புகளிலும் அஸ்பெஸ்டஸ் உண்டு. இன்றைய ஐரோப்பியச் சட்டப்படி அதைத் தொட முகமூடியும் தனி அறையும் தேவை. தீயணைப்பு உருளைகள் காலாவதியாகியிருக்கும். அந்தக் காலத் தாங்கிகளில் வழக்கமாக இருந்த ஹேலோன் வாயுவின் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் 1994 உடன் நின்றுவிட்டது. மறுசுழற்சி செய்ததைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது வேறு வாயுவுக்கு ஏற்ப முழு அமைப்பையும் மாற்ற வேண்டும்.

குறிபார்க்கும் கண்ணாடிகளுக்கு எதிரி ஈரம். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தை 50 வீதத்துக்குக் கீழே வைத்து மூடிய உறைக்குள் நிறுத்துவதுதான் நல்ல களஞ்சிய வழக்கம். கொழும்பில் சாதாரண நாளிலேயே ஈரப்பதம் 70 வீதத்துக்கு மேல் நிற்கும், கூடவே கடல் உப்பு. இங்கே கெமரா வைத்திருப்பவர்களுக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது புதுக்கதை அல்ல. தாங்கியின் காட்சிக் கருவிக்குள்ளும் அதே பூஞ்சணம்தான், ஆனால் திறந்து துடைக்க உற்பத்தியாளரின் தூசியற்ற அறை வேண்டும்.

ஐம்பதில் முப்பது

2023 ஓகஸ்டில் ஓஐபியின் வண்டிகளை ஜேர்மனியின் றைன்மெட்டால் நிறுவனம் வாங்கிவிட்ட செய்தி வந்தது. 50 இல் உக்ரேனுக்காகத் தயாராகக்கூடியவை சுமார் 30. மீதி உதிரிப்பாகத்துக்கு.

மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தையில் ஒருமுறை நடந்தவருக்கு இந்த விகிதம் ஆச்சரியம் தராது. அங்கே ஒரு வான் ஓட வேண்டுமானால் இன்னொரு வான் எங்கோ துண்டுதுண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தாங்கியில் வித்தியாசம், வெளியே சந்தை கிடையாது. முறுக்குக் கம்பியை இன்றும் செய்விக்கலாம், இறப்பர் வார்க்கலாம். 1980களின் மின்சுற்றுப் பலகையை யாரும் செய்வதில்லை. எனவே தானம் கொடுக்கும் வண்டியைத் தெரிவு செய்வதிலும் ஒரு முறை உண்டு: உடல் வெடித்தது, பீரங்கிக் குழாய் தேய்ந்தது முதலில் போகும். மின்பெட்டிகள் நல்ல நிலையில் உள்ள வண்டியை, எஞ்சின் இல்லாவிட்டாலும், கடைசிவரை வெட்டக்கூடாது.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடாததன் விளைவும் அதே வருடம் தெரிந்தது. 2023 செப்டெம்பரில், போலந்தின் ரெஸ்ஸோவ் நகரத்துக்கு வந்து சேர்ந்த 10 லெப்பர்ட் 1ஏ5 தாங்கிகளை ஏற்க உக்ரேன் மறுத்தது. ஜேர்மனியில் சிப்பாய்களைப் பயிற்றுவித்ததிலேயே அவை தேய்ந்துபோயிருந்தன. திருத்த உக்ரேனிடம் ஆளும் இல்லை, பாகமும் இல்லை. பயிற்சிக்கென்று தனியே சில வண்டிகளை ஒதுக்கி, அவற்றைத் திரும்பவும் அனுப்பும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் இந்த வெட்கம் நேர்ந்திராது.

கயிற்றின் மறுமுனை

விற்றவர் விற்றதோடு விலகுவதில்லை. ஜேர்மன் தயாரிப்பை வாங்கும் நாடு, ஜேர்மனியின் சம்மதமின்றி மூன்றாம் தரப்புக்குக் கொடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தே வாங்குகிறது. சுவிற்சர்லாந்தின் நிபந்தனை இன்னும் இறுக்கம்.

சுவிஸ் அரசுக்குச் சொந்தமான றுவாக் நிறுவனம் 2016 இல் இத்தாலியிடமிருந்து 96 லெப்பர்ட் 1ஏ5 வாங்கி, இத்தாலிக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தது. அவை சுவிஸ் மண்ணை மிதிக்கவேயில்லை. றைன்மெட்டால் ஊடாக உக்ரேனுக்கு விற்கக் கேட்டபோது, 2023 ஜூனில் சுவிஸ் அமைச்சரவை நடுநிலையைக் காட்டி மறுத்தது. ஜேர்மனியில் பிறந்து, இத்தாலியில் நின்ற வண்டி, பத்திரத்தில் இருக்கும் பெயரால் மாட்டிக்கொண்டது. வாங்குபவர், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு முன் யார் பெயரில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

குண்டுக்கும் அதே கயிறு. லெப்பர்ட் 1 இன் அடித்தளத்தில் செய்த கெபார்ட் என்ற விமான எதிர்ப்பு வண்டியை ஜேர்மனி 2022 இல் உக்ரேனுக்குக் கொடுத்தது. அதன் 35 மில்லிமீற்றர் குண்டில் சுமார் 12,400 ஐ ஜேர்மனி எப்போதோ சுவிற்சர்லாந்திடம் காசு கொடுத்து வாங்கிக் கிடங்கில் வைத்திருந்தது. அனுப்ப சுவிஸ் சம்மதம் கேட்டது, கிடைக்கவில்லை. கடைசியில் றைன்மெட்டால் ஜேர்மனியின் உன்டர்லூஸில் புதிய உற்பத்தி வரிசையே அமைத்து, 3 இலட்சம் குண்டுக்கான கட்டளையைப் பெற்றது. 105 மில்லிமீற்றர் தாங்கிக் குண்டுக்குப் பிரேசிலிடம் கேட்டுப் பார்த்தார்கள். 2023 ஜனவரியில் ஜனாதிபதி லூலா கைவிரித்தார். 105 உலகமெங்கும் செய்யப்படுவதால் அங்கே வேறு வழி இருந்தது, 35 இல் வழி குறைவு.

அனுமதி உள்ள வண்டிக்கு என்ன விலை என்பதற்கும் கெபார்ட்டே சாட்சி. நெதர்லாந்து 2013 இல் தன் 60 வண்டிகளை ஜோர்தானுக்கு 2.1 கோடி யூரோவுக்கு விற்றது. பத்து வருடம் கழித்து உக்ரேனுக்காக அமெரிக்கா கெபார்ட்களுக்கென 11.8 கோடி டொலர் ஒப்பந்தம் போட்டது. அவை அதே ஜோர்தான் வண்டிகள் என்று பத்திரிகைகள் எழுதின. எஃகுக்கு வயது பத்து கூடியிருந்தது, விலை ஐந்து மடங்குக்கு மேல்.

காலிமுகத்திடலில் பார்த்த தாங்கி

சுதந்திர தின அணிவகுப்புகளில் கொழும்பு பார்த்த தாங்கி டி-55. இலங்கைக்கு அவை செக் நாட்டின் இருப்பிலிருந்து வந்தவை. சோவியத் கூட்டணி கலைந்ததும் மிஞ்சிய மலைபோன்ற இருப்பின் ஒரு துளி. 36 தொன், 100 மில்லிமீற்றர் பீரங்கி. செக் மேம்பாடான டி-55ஏஎம்2 இல் கூட்டின் முன்னால் புருவம்போல் தடித்த கூடுதல் கவசம் தெரியும். புகைப்படத்தில் வகையை இனங்காண அதுவே போதும்.

தாங்கியாக ஒப்பிட்டால் லெப்பர்ட் 1 மேல். இரண்டாம் வாழ்க்கையில் டி-55 தான் மேல். சோவியத் யூனியன், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா மூன்றும் அதைச் செய்தன, சீனா அதன் முன்னோடியை டைப் 59 என்று தனியே செய்தது. பாகத்துக்கும் குண்டுக்கும் ஐந்தாறு கதவுகள் திறந்திருக்கும், ஒருவர் மூடினால் இன்னொருவர் விற்பார். கயிற்றைப் பிடித்திருந்த கை கலைந்துபோன அரசுகளோடு போய்விட்டது. சண்டைக்குள் சிக்கும் மக்களின் பார்வையில் இது நல்ல செய்தியா என்பது வேறு கேள்வி. வடக்கிலும் கிழக்கிலும் அந்தத் தாங்கிகளின் முன்னால் நின்றவர்களுக்கு விடை தெரியும்.

இரண்டு உலகையும் ஒட்டவைத்தது ஸ்லோவேனியா. டி-55 இன் உடலில் எல்7 பீரங்கியையும் புதிய சூட்டுக் கட்டுப்பாட்டையும் வைத்து எம்-55எஸ் என்று 30 வண்டிகளை 1990களின் இறுதியில் செய்தது. 2022 இல் அவற்றில் 28 ஐ உக்ரேனுக்குக் கொடுத்து, ஈடாக ஜேர்மனியிடம் 40 லொறிகளை வாங்கிக்கொண்டது. கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த பேரம்.

வெட்டினால் எப்படி வெட்டுவது

விற்க முடியாத தாங்கியை அழிப்பதற்கும் எழுதிய முறை உண்டு. 1990 நவம்பரில் பாரிஸில் கைச்சாத்தான ஐரோப்பிய மரபுவழிப் படைகள் உடன்படிக்கை, நேட்டோ, வார்சோ என்ற இரு அணிகளில் ஒவ்வொன்றுக்கும் 20,000 தாங்கி என்று எல்லை போட்டது. வெட்டி அழிப்பதாயின்: கூட்டை உடலிலிருந்து தூக்குவது, பீரங்கியின் அடிமூடியை இரண்டு இடத்திலாவது பற்றவைப்பது அல்லது அதன் வளையத்தை ஒரு பக்கம் நெடுக வெட்டுவது, குழாயை அடிவளையத்திலிருந்து 100 மில்லிமீற்றருக்குள் துண்டிப்பது, பீரங்கி தொங்கும் அச்சில் ஒன்றை வெட்டுவது. பிறகு உடலில் கூடு உட்காரும் வட்ட விளிம்பிலிருந்து, ஒவ்வொன்றும் 60 பாகைக்குக் குறையாத இரண்டு துண்டுகளை எடுப்பது. கடைசியாக இறுதி இயக்கி பொருந்தும் துளைகள் இருபக்கமும் துண்டோடு போகும்படி உடலை அறுப்பது. ஒவ்வொரு வெட்டும் மறுபடி கட்டமுடியாத ஒரு மூட்டைக் குறிவைக்கிறது. எழுதியவர்களுக்குத் திருத்தும் வேலை நன்றாகத் தெரிந்திருக்கிறது. பாரக் குண்டை விழுத்தி உடைக்கவும் அனுமதி உண்டு, உடல் மூன்று இடத்திலாவது வெடிக்க வேண்டும்.

நல்ல வண்டியை வெட்ட நேட்டோ நாடுகளுக்கு மனமில்லை. ஜேர்மனியும் அமெரிக்காவும் தம் புதியவற்றைக் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் தள்ளிவிட்டன, எல்லையைக் கடக்காதிருக்க அங்கிருந்த மிகப் பழையவை வெட்டப்பட்டன. கனடா ஜேர்மனியின் மிகை 1ஏ5 களை வாங்கி, கூட்டை மட்டும் எடுத்துத் தன் உடல்களில் பூட்டியது. பிரிட்டிஷ் கடற்படைக்காக நாலு லெப்பர்ட் 1 உடல்கள், கரையில் சிக்கிய படகுகளைத் தள்ளிவிடும் ஹிப்போ வண்டிகளாயின. எஞ்சின் அதே 830 குதிரைவலு, பல்லிணைப்பை மாற்றி வேகத்தை மணிக்கு 65 இலிருந்து 32 கிலோமீற்றராகக் குறைத்து, கிட்டத்தட்ட மூன்று மீற்றர் நீரில் இறங்கச் செய்தார்கள். போர்த் தாங்கியின் ஓய்வுக்கால வேலைகளில் உருப்படியானது இதுவென்றே தோன்றுகிறது.

கடதாசியில் பார்க்க வேண்டியவை

கொழும்பிலிருந்து இந்தக் கைமாற்றங்களைப் பின்தொடர்பவருக்கு இரண்டு பொது ஆவணங்கள் உதவும். ஐ.நா. மரபுவழி ஆயுதப் பதிவேட்டில் போர்த் தாங்கி முதலாம் வகை: வெற்று எடை 16.5 தொன்னுக்குக் குறையாதது, பீரங்கி 75 மில்லிமீற்றருக்குக் குறையாதது. நாடுகள் தாமாகக் கொடுக்கும் விவரம் என்பதால் விற்றவரின் எண்ணும் வாங்கியவரின் எண்ணும் பொருந்தாமல் இருப்பது சாதாரணம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மற்றது சுங்கத் தலைப்பு 8710. தாங்கிகளும் கவச வாகனங்களும் மட்டுமல்ல, அவற்றின் பாகங்களும் அதே தலைப்பில் வருகின்றன. ஆகவே அந்தத் தலைப்பில் பெறுமதி காணப்பட்டால் தாங்கி இறங்கியது என்று முடிவுகட்டக்கூடாது. எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சில நூறு கிலோவாக இருந்தால் வந்தது பெரும்பாலும் சங்கிலிக் கண்ணியோ சில்லோ. 40 தொன் வண்டி 3.3 மீற்றர் அகலத்தோடு பெட்டிக் கொள்கலனுக்குள் அடங்காது, பெரும்பாலும் வண்டிகள் தாமே ஓடி இறங்கும் கப்பலில் வரும். அதைத் துறைமுகத்தில் யாரும் காணாமல் விடமாட்டார்கள்.